சவர்க்காரக் கையில் ஒரு கத்தி

எனக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது என்பதை என் மனைவியின் வீட்டார் ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். அது நான் கலியாணம் முடித்த முதல் வருடம். நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் அவளுடைய இரண்டு நானாமாரும், அதாவது அண்ணன்மாரும், கற்பிட்டி உப்புநீர்க் களப்பில் இருக்கும் ஒரு சின்னத் தீவுக்கு வள்ளத்தில் போவது வழக்கம். தூண்டில் போட்டு, பிடித்ததை அங்கேயே சமைத்துத் தின்று, தீவை ஒரு சுற்று நடந்துவிட்டு பின்னேர அஸர் தொழுகைக்கு முன் திரும்பிவிடுவார்கள். புது மாப்பிள்ளை என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

நான் புத்தளம் நகரத்தில் கணிதம் படிப்பிக்கிறவன். களப்பை அதுவரை பஸ் ஜன்னலால்தான் பார்த்திருந்தேன். ஆனால் மாப்பிள்ளை முறுக்கு யாரை விட்டது? முதல் மீனை நானே வெட்டுகிறேன் என்று சட்டைப்பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தேன். மீன், ஒரா. பாதி வெட்டில் கத்தி மடங்கி என் சுட்டுவிரலைக் கவ்வியது. ஒராவும் தன் பங்குக்கு உள்ளங்கையில் முள்ளை ஏற்றியது. அந்த முள்ளில் விஷம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு மச்சான்மார் முன்னால் வாய்விட்டு அழுதேன்.

திரும்பி வரும்போது பெரிய மச்சான் ஒரு சட்டம் போட்டார். "கத்தி பிடிக்கத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் இனி இந்த வள்ளத்தில எடம்."

பகிடிக்குத்தான், சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் அந்தப் பகிடி நாலு பெருநாளாக நீண்டுவிட்டது. அவர்கள் தீவுக்குப் போவார்கள். நான் வீட்டில் மாமியோடு இருந்து வட்டிலப்பம் சாப்பிடுவேன். வட்டிலப்பத்தில் ஒரு குறையும் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது வள்ளத்தில் ஓர் இடம். போன நோன்பு தொடங்கியபோது முடிவெடுத்தேன்: மடங்காத கத்தி ஒன்று வாங்குவது, இந்த முறை எப்படியும் போவது.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் மீன்பிடிச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். முதலாளி குரலைத் தாழ்த்தி, "வேட்டைக்கா சேர்?" என்று கேட்டார். நான் வேட்டையாடியதெல்லாம் குசினியில் கரப்பான் பூச்சி மட்டும்தான். இருந்தாலும் வேட்டை, மீன், காட்டு நடை மூன்றுக்கும் பொருந்துகிற மாதிரி வேண்டும் என்று கம்பீரமாகச் சொன்னேன். அவர் எடுத்துத் தந்த கத்தியைப் பார்த்ததும் மயங்கிவிட்டேன். அரை முழ நீளம். முதுகில் வாள் பல். கைப்பிடிக்குள் நெருப்புக்குச்சி வைக்கப் பொந்து, அதன் மூடியில் ஒரு திசைகாட்டி.

மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திசைகாட்டி எதற்கு என்று கேட்டாள். வழி தவறினால் உதவும் என்றேன்.

"கற்பிட்டியில எங்க வழி தவறுற? ரெண்டு பக்கமும் தண்ணி."

பிறகு என்னைக் குசினித் தொட்டிக்குக் கூட்டிப்போய் இரண்டு கையிலும் சவர்க்காரத்தை நுரைக்க நுரைக்கப் பூசச் சொன்னாள். மீன் வெட்டுகிறவனுக்குக் கை எப்போதும் வழுவழுப்பாகத்தான் இருக்கும், காய்ந்த கையில் எல்லாக் கத்தியும் நல்ல கத்திதான் என்றாள். சவர்க்காரக் கையோடு பூசணிக்காய் வெட்டப் பார்த்தேன். கத்தி கையை விட்டுப் பறந்து ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. குனிந்து எடுத்தபோது அலகு ஆடியது. பொந்துக் கைப்பிடிக்குள் அலகு உள்ளேயே போகவில்லை, வாயோடு நின்றிருந்தது. அலகு கைப்பிடியின் கடைசிவரை ஓடாத கத்தி கத்தியே இல்லை என்று தீர்ப்புச் சொன்னாள். நோன்பு நேரத்தில் சண்டை கூடாது என்பதால் கத்தியைக் கடதாசியில் சுற்றி வைத்தேன். ஆனால் கோபம் வந்தது.

அதே கடையில் மாற்றி எடுத்துவந்த இரண்டாவது கத்தி மரக் கைப்பிடி போட்டது. அலகு கடைசிவரை ஓடியது, சவர்க்காரக் கையிலும் நின்றது. இனி என்ன சொல்வாள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். அவள் கத்தியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். காலையில் களப்புத் தண்ணீர் அள்ளிவந்த போத்தலுக்குள் அதைத் தலைகீழாக இறக்கிவிட்டு, என்னைப் பாடசாலைக்கு அனுப்பினாள். பின்னேரம் வந்து பார்த்தால் அலகில் செங்கல் நிறத்தில் துரு. உப்புக் காற்றில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே உதிர்கிறது, இது எந்த மூலைக்கு?

இப்படியாகக் கடை முதலாளி மூன்றாம் முறையும் என்னைக் கண்டார். துருவைத் தேய்த்துத் தானே மீன் வெட்ட வைத்துக்கொள்வதாகச் சொல்லி, பெரிய மனதோடு மாற்றித்தர ஒத்துக்கொண்டார். அடுத்த முறை மெடத்தையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

கூட்டிக்கொண்டு போனேன். அவள் போனதும் முதலில் கேட்டது ஒரு பேசின் தண்ணீரும் சவர்க்காரமும். முதலாளி என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். பேசின் வந்தது. அவள் அபாயாக் கையைச் சுருட்டிவிட்டு, கைகளை நன்றாக நுரைக்க வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கத்தியாக வாங்கினாள். பிடித்தாள், திருப்பினாள், அலகின் முதுகைக் கீழே விட்டுச் செதில் உரிப்பது போல இழுத்தாள், வைத்தாள். மூன்றாவது கத்தி வருவதற்குள் கடையில் கூட்டம் கூடிவிட்டது. ஆலங்குடாவிலிருந்து நங்கூரக் கயிறு வாங்க வந்த இரண்டு மீனவர்கள் தாங்களும் பேசினில் கை நனைத்தார்கள். ஒருவர் கையிலிருந்து கத்தி வழுகி உப்பு மூட்டையில் குத்தி நின்றது. மற்றவர் அதைப் பார்த்துச் சிரித்து, தன் முறை வந்தபோது தானும் நழுவவிட்டார். நோன்புக் களைப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. முதலாளி நுரை வழியும் மேசையைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது கத்தி அவள் கையை விட்டு இறங்கவில்லை. நாலு அங்குல அலகு, துருப்பிடிக்காத இரும்பு. சொரசொரத்த கறுப்பு ரப்பர் கைப்பிடி, விரல் அலகுக்கு வழுகாமல் முன்னால் ஒரு சின்ன மேடு. அவள் பிடித்த பிடியைப் பார்த்துவிட்டு ஆலங்குடாக்காரரில் மூத்தவர் கேட்டார்.

"எந்த வள்ளத்துக்குப் போற நீங்க, தங்கச்சி?"

அவள் கண்ணைத் திறந்தாள். "போறதில்ல. முந்தி வாப்பாவோட போன. பெரிய புள்ளையானதும் நிப்பாட்டிட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டாள். அவள் குரலில் குறை எதுவும் இல்லை. மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. நாலு வருடமாக அவள் பக்கத்தில் இருந்து வட்டிலப்பம் தின்றிருக்கிறேன். அவளும் போக ஆசைப்படுவாள் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து கத்தியை என் கையில் வைத்துப் பார்த்தேன். சின்னவிரல் கைப்பிடிக்கு வெளியே தொங்கியது. அவள் கையில் வைத்தேன். நாலு விரலும் கச்சிதமாக உட்கார்ந்தன.

"இது உங்கட கத்தி" என்றேன்.

"விசர்க் கதை. உங்களுக்குத்தானே எடுத்த" என்றாள். ஆனால் கையிலிருந்து இறக்கி வைக்கவில்லை.

பெருநாளன்று பெரிய மச்சான் பிரியாணித் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் போய் அமர்ந்தேன். கத்தி வாங்கிவிட்டேன் என்றேன். மாஷா அல்லாஹ், பிடிக்கப் பழகிவிட்டீர்களா என்றார்.  அவர் மறுத்துவிட்டால் அவளுக்கு இனி ஒரு நாளும் கேட்கக்கூட வாய் வராது.

"நான் பழகல்ல மச்சான். உங்கட தங்கச்சிக்குத் தெரியும். நீங்க போட்ட சட்டப்படி எடம் அவக்குத்தான். மிச்சம் இரிந்தா நானும் வாறன், அரிசி கழுவ."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். மாமியைப் பார்த்தார், மாமி தட்டைப் பார்த்தார். பிறகு அவருக்குத் தோள் குலுங்கச் சிரிப்பு வந்தது. கணக்கு சேரோடு சட்டம் கதைக்கப் போனது தன் பிழை என்றார். காலையில் ஏழு மணிக்கு வள்ளம் வெளிக்கிடும், ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டும் என்று தங்கைக்குக் கேட்கும்படி குசினிப் பக்கம் சத்தமாகச் சொன்னார்.

அவள் ஆறு மணிக்கே நின்றாள். வள்ளத்தில் ஏறியதும் யாரும் சொல்லாமலே அணியத்தில், முன் மூக்கில், போய் அமர்ந்தாள். அது அவள் பழைய இடமாம். தீவில் அந்தக் கத்தி அன்று செய்யாத வேலை இல்லை. தூண்டில் நரம்பு அறுத்தது, காய்ந்த விறகைப் பிளந்தது, தீவைச் சுற்றி நடந்தபோது என் காலில் ஏறிய முள்ளையும் எடுத்தது. ஒரா பத்துப் பன்னிரண்டு பிடிபட்டது. அவள் தண்ணீரோரம் குந்தியிருந்து ஒவ்வொன்றாக முதுகு முள், வயிற்று முள் சீவி, குடல் எடுத்து, அலசி வைத்தாள். நான் இரண்டு மூச்சு இழுப்பதற்குள் ஒரு மீன் முடிந்துவிடும். சின்ன மச்சான் தன் மீன்களையும் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு நின்று பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அரிசியை மூன்றாம் முறையும் கழுவினேன்.

சோறும் மீன் ஆணமும் அடுப்பிலிருந்து இறங்கி எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் பெரிய மச்சான் வாயைத் திறந்தார். தங்கையைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் எனக்கும் நன்றாகக் கேட்டது.

"வாற பெருநாளைக்கு மச்சான் வந்தாலும் ஒண்டுதான், வராட்டியும் ஒண்டுதான். நீ வராம விட்டுடாத."

எனக்கு ரோசம் வந்திருக்க வேண்டும். வாய் நிறைய ஒரா மீன் இருந்தது, எதிரே அவள் ஈரக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் சிரித்தேன்.