மூன்று வரி ரெஸ்யூமே

கஸ்தூரிரங்கன் அமெரிக்க மேற்குக் கரையிலுள்ள வல்லேஹோவில் வீடு வாங்கியதற்கு ஒரே காரணம், வேலைக்குப் பக்கம் என்பதுதான். அங்கிருக்கும் வளைகுடாவின் வடகோடியில், நாணல் மண்டிய சதுப்பு நிலத்தில், அமெரிக்கக் கடற்படையின் ரேடியோ நிலையம் ஒன்று இருந்தது. வட்டமாக நட்ட ஆன்டெனாக் கம்பங்கள் கடலில் போகும் கப்பல்களின் பேச்சை ஒட்டுக்கேட்டன. ஸ்ரீரங்கத்துக்காரரான அவர், குடியுரிமை வாங்கிய கையோடு 1983-இல் அங்கே டெக்னீஷியனாகச் சேர்ந்தார். பூமிக்கடியில் ஓடும் கேபிள்களில் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்வது வேலை. அந்தக் கேபிள்கள் போய்ச் சேரும் அறைக்குள் பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் காலெடுத்து வைத்ததில்லை. எந்தக் கப்பல், என்ன பேச்சு, ஒன்றும் தெரியாது. ஆனாலும் வெளியே வாய் திறப்பதில்லை என்று, அறைக்குள் இருந்தவர்கள் போட்ட அதே கையெழுத்தை அவரும் போட்டிருந்தார்.

1993-இல் நிலையத்தை மூடினார்கள். கடைசி நாளன்று அதிகாரி மறுபடி ஒரு காகிதத்தை நீட்டினார். உயிருள்ளவரை பேசக்கூடாது, ரெஸ்யூமே எழுதினால் அதையும் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். கஸ்தூரிரங்கன் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். ஆறு வாரம் கழித்து அது மூன்று வரியாகத் திரும்பி வந்தது. 'மின்னணுக் கருவிகளைப் பராமரித்தார்' என்பது அதில் ஒரு வரி.

குபெர்டினோவில் மோடம் செய்யும் சின்னக் கம்பெனியின் மேனேஜர் சேனாபதி, மதுரைக்காரர். பெயரைப் பார்த்து ஆசையாகத்தான் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்.

"பத்து வருஷம் சார். ஒரு ப்ராஜெக்ட் பேராவது சொல்லுங்களேன்."

"சொல்ல முடியாது சார்."

"சரி, பொதுவா சொல்லுங்க. அந்த ஸ்டேஷன் ஒட்டுக்கேக்கற இடம்னு பேசிக்கறாங்க. அதுல நேவிக்கு என்ன யூஸ்?"

புத்தகங்களில் அச்சாகிவிட்ட பழைய கதையைச் சொல்லத் தடையில்லை. உலகப்போரின்போது 'ஏ.எஃப்.' என்ற இடத்தைத் தாக்கப்போவதாக ஜப்பானியர் சங்கேதத்தில் பேசிக்கொண்டார்கள். அது மிட்வே தீவுதானா என்று ஹவாயில் ஒரு நிலவறையில் உட்கார்ந்திருந்த கடற்படைக்காரர்களுக்குச் சந்தேகம். மிட்வேயில் குடிநீர் இயந்திரம் பழுது என்று வேண்டுமென்றே ஒரு பொய்யை ரேடியோவில் சொல்லவைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே ஜப்பானிய ரேடியோ, ஏ.எஃப்.பில் தண்ணீர்த் தட்டுப்பாடு என்றது. கஸ்தூரிரங்கன் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். மேனேஜர் சொக்கிப்போய்க் கேட்டார்.

"பிரமாதம் சார். ஆனா அது நாப்பத்திரெண்டு. நீங்க எண்பத்தஞ்சுல என்ன பண்ணீங்க?"

தண்ணீர் இறங்கிய கேபிளை எங்கே வெட்டி எப்படி ஒட்டினேன் என்பதைக்கூடச் சொல்ல முடியாது. கஸ்தூரிரங்கன் கும்பிட்டு எழுந்து வந்தார். அப்படி ஏழு இன்டர்வியூ போயிற்று.

லிவர்மோர் கோயிலில் யாரோ, ஏதோ தப்புப் பண்ணித்தான் அவரை அனுப்பிவிட்டார்களாம் என்று பேசியது அவர் மனைவி அனந்தலக்ஷ்மியின் காதுக்கு வந்தது. காரில் ஏறியதும் கேட்டாள்.

"ஏன்னா, எங்கிட்டயாவது சொல்லுங்கோ. அங்க என்னதான் பண்ணிண்டிருந்தேள்?"

"எனக்கே தெரியாதுடி. அதான் நிஜம்."

"பத்து வருஷம் போயிட்டு வந்த மனுஷனுக்குத் தெரியாதா? எங்கிட்டயே இப்படியா?"

பொய் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். வல்லேஹோ வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. அதுதான் அவரை இன்னும் வாட்டியது.

கடைசியில் கேபிள் டிவி கம்பெனி ஒன்றில் வீடு வீடாகப் போய் இணைப்பு கொடுக்கும் வேலை கிடைத்தது. யாரும் பழசைக் கேட்கவில்லை. சுற்றிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகள் காளான் மாதிரி முளைத்தன. இவர் ஏணியும் வேனுமாக ஆறு வருஷம் ஓட்டினார்.

1999-இல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள் விஷாகா, கடற்படையின் சங்கேத உடைப்பு வரலாறு பற்றிய ஒரு தடிப் புத்தகத்தை நூலகத்திலிருந்து கொண்டுவந்தாள். வட்டமான ஆன்டெனாப் படத்தை விரித்து அப்பா முன்னால் வைத்தாள்.

"அப்பா, இஸ் திஸ் வேர் யூ வொர்க்ட்?"

ஆமாம் என்ற ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்தது. "படம் நன்னா இருக்கும்மா" என்றார். மகள் அவர் முகத்தையே பார்த்தாள். அப்புறம் புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் கஸ்தூரிரங்கன் அதை வேனில் எடுத்துப்போனார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, கேபிள்கள் போய்ச் சேர்ந்த அந்த அறைக்குள் என்னதான் நடந்தது என்று தேடினார். அந்த நிலையம் எப்போது திறந்தது, எப்போது மூடியது என்பது மட்டும் இருந்தது. இன்னொரு தடவை படித்தார். புத்தகத்தை மூடி, அடுத்து இணைப்பு கொடுக்க வேண்டிய வீட்டின் விலாசத்தை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.