கெட்டி எலும்பு

சுவரை விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், அங்கே திருகு நிற்குமா நிற்காதா என்று சென்னப்பன் சொல்லிவிடுவார். கோபிநத்தத்திலிருந்து மைசூருக்கு வந்து வருஷக்கணக்காக வீடுவீடாக ஏசியும் கீசரும் மாட்டுகிற மனுஷன். உள்ளே பொள்ளலான ஹாலோ பிளாக் சுவர் என்றால் வேறு இடம் காட்டச் சொல்வார். அவர் மாட்டியது ஒன்றும் இதுவரை விழுந்ததில்லை.

விழுந்தது அவருடைய கீழ்ப் பல்செட்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால், சித்தப்பா மகன் சித்தையன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பந்தியில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தபோது, செட் நழுவி ரசம் சாதத்தில் விழுந்தது. எதிர்வரிசை முழுக்கச் சிரித்தது. சித்தையனும் சிரித்தான். பாவம், அன்றோடு விசேஷ வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டார். யார் அழைத்தாலும் சைட்டில் வேலை என்றார். மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளை இல்லை. மைசூர் ஹெப்பாளில் ஒற்றை அறை, பேச்சுத் துணைக்கு டிவி, தினமும் களி. களியை மெல்ல வேண்டாம், விழுங்கினால் போதும். நழுவாத பல் கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டினார்.

ஒருவழியாகப் பல் டாக்டர் சொர்ணலதாவிடம் போனார். தாடை எலும்பில் திருகு இறக்கி அதன்மேல் பல் வைக்கலாம், ஆனால் எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளுமா என்று முதலில் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். மோவாயைத் தாங்கியில் வைத்து அசையாமல் நிற்க, இயந்திரம் தலையைச் சுற்றி ஒரு வட்டம் வந்தது. பல்லும் இல்லாத, மெல்லவும் மெல்லாத தாடை. உள்ளே ஹாலோ பிளாக்தான் இருக்கும் என்று சென்னப்பன் முடிவே கட்டிவிட்டார்.

டாக்டர் திரையில் தாடையைக் குறுக்குவெட்டாகக் காட்டினார். கறுப்பு என்றால் பொள்ளல், வெளுப்பு என்றால் கெட்டி. முன்பக்கம் நல்ல வெளுப்பு. திருகின் படத்தை அங்கே இழுத்து வைத்து அகலமும் ஆழமும் அளந்தார்.

“கெட்டியான எலும்பு, சென்னப்பனவரே. படத்தப் பார்த்தா ரெண்டு ஸ்க்ரூவும் அலுங்காம நிக்கும். இறக்குற அன்னிக்கு இன்னொரு தரம் அளந்துக்கலாம்.”

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“நல்லாப் பாருங்க டாக்டரம்மா. எங்கியாச்சும் பொள்ளலா இருக்கப் போவுது.”

ஆபரேஷனுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து டாக்டர் மறுபடியும் பொறுமையாகக் காட்டினார். சென்னப்பன் பயந்தது வேறு. இனிமேல் சொல்லிக்கொள்ளச் சாக்கு இல்லை, நாலு பேர் நடுவில் போய் உட்கார வேண்டியதுதான்.

வெளியே வந்து, வீம்பை விட்டு, சித்தையனுக்கு அவரே போன் போட்டார். ஆறு மாசத்தில் பல் வந்துவிடும், உன் மகள் அஷ்வினி கல்யாணத்துக்குத் தேதி சொல், முதல் பந்தியிலேயே உட்காருகிறேன் என்று மூச்சுவிடாமல் சொன்னார்.

“அது வைகாசியிலயே முடிஞ்சிருச்சுங்கண்ணா. கூப்புட்டாலும் வரமாட்டீங்கன்னு விட்டுட்டமுங்க.”

நல்லா இருக்கட்டும் என்றார் சென்னப்பன். அந்தப் பெண்ணைக் குழந்தையில் தோளில் வைத்துக்கொண்டு மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்கு ஏறியவர் அவர். அதையெல்லாம் இப்போது எப்படிச் சொல்வது?

திரும்பி உள்ளே போய் நாள் குறிக்கச் சொன்னார். அன்றைக்குக் கூட யார் வருவார்கள் என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள். யாருமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நானே வந்துக்கறேன் என்றார்.