நெவ்யானா ஒட்டிய பத்துத் தாள்கள்

நெவ்யானா கலைக் கல்லூரியில் முதலாம் ஆண்டு சேர்ந்தபோது அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. அதற்கு முந்தைய இருபத்திரண்டு வருடமும் டான்யூப் நதிக்கரை ஊரான ரூசேயில், எங்கள் சந்தை மூலை பேக்கரியில் பனித்ஸா என்கிற பாலாடைக்கட்டி அடுக்குப் பலகாரம் போட்டுக்கொண்டிருந்தவள். பனித்ஸா மாவை, அடியில் செய்தித்தாள் வைத்தால் எழுத்துத் தெரிகிற அளவு மெல்லிசாக இழுக்க வேண்டும் என்பார்கள். நெவ்யானா இழுத்த மாவுக்குக் கீழே நான் மறுநாள் செய்தித்தாளையே படித்திருக்கிறேன்.

பொட்டலம் கட்டுகிற பழுப்புத் தாளில், வாங்க வந்தவர்களின் முகத்தைக் கரித்துண்டால் நாலு இழு இழுத்துக் கொடுப்பாள். பனித்ஸா தின்றபின் தாளைக் கசக்கி எறிய யாருக்கும் மனசு வரவில்லை. எங்கள் கட்டடத்தில் பாதி வீட்டுச் சுவரில் எண்ணெய்க் கறையோடு அவரவர் முகம் தொங்குகிறது. என் முகத்தில் கறை சரியாக மூக்கு நுனியில் விழுந்திருக்கிறது. அவள் வேண்டுமென்றுதான் அப்படி மடித்தாள் என்பது என் கட்சி.

அவள் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டது தெரிந்ததும் ஹாம்பர்க்கில் லாரி ஓட்டுகிற மகன் ஃபோனில் கத்தினான்.

"அம்மா, உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

"நல்லாத்தான்டா இருக்கேன். அதனாலதான் சேர்றேன்."

பேக்கரி முதலாளியம்மா அவளது ஏப்ரனைக் கழற்றி வாங்கி அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். "இது ஜூன் வரைக்கும் இங்கயே தொங்கும்டி. படிப்பு ஒத்து வரலேன்னா வந்து மாட்டிக்கோ. ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அந்த ஏப்ரன்தான் அந்த வருடம் முழுக்க அவளைத் துரத்தியது.

முதல் பாடம் முட்டை. வெள்ளைத் துணிமேல் வெள்ளைத் தட்டு, தட்டில் வெள்ளை முட்டை. அதைக் கரியால் வரைய வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் பதினெட்டு, பத்தொன்பது வயது. ஒருவன் தலை நீலம், ஒருத்தி தலை மொட்டை. அவர்கள் ஆளுக்கு மூன்று முட்டை வரைந்தார்கள். நெவ்யானா நாற்பது வரைந்தாள். அடுத்தது, தாளைப் பார்க்காமல் தன் இடக்கையையே பார்த்து வலக்கையால் வரைவது. அவள் கைக்கு ஆறு விரல் வந்தது. "பரவாயில்லக்கா, ஒண்ணு உபரி," என்றான் நீலத்தலை.

பிறகு சாம்பல் நிறப் படிக்கட்டு. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை இருபது கட்டம், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இம்மியளவு வித்தியாசம். பிள்ளைகள் பன்னிரண்டாவது கட்டத்திலேயே கறுப்புக்கு வந்து முழித்தார்கள். நெவ்யானா இருபதையும் ஒரே மூச்சில் முடித்தாள். வெளுத்த ரொட்டியிலிருந்து கருகின ரொட்டி வரை எத்தனை நிறம் என்பதை அவளுக்குக் கல்லூரியா சொல்லித்தர வேண்டும்?

கரியை அழிக்க நேற்றைய ரொட்டியின் உள்சதையைப்போல ஒரு ரப்பர் கிடையாது. அவள் தினமும் ஒரு முழு ரொட்டி கொண்டுபோனாள். நடுச்சதையால் வகுப்பே அழித்தது, மேலோட்டை வகுப்பே தின்றது. பிள்ளைகளுக்கு அவள்மேல் உயிர்.

ஒருவருக்குத்தான் அவளைப் பிடிக்கவில்லை. அவர் பேராசிரியர் ஸ்த்ராஹில் கால்செவ். கோடு வரைதலும் வடிவமைப்பும் இரண்டும் அவர் கையில். நீளமான ஆள், நீளமான மேல்கோட்டு. ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நிற்பார், "ம்" என்பார், நகர்வார். நெவ்யானா படத்துக்கு முன்னால் மட்டும் வாய் திறப்பார்.

"மாவு."

"சார்?"

"மாவும்மா, மாவு. நல்லா பிசைஞ்சிருக்கீங்க. உள்ள எலும்பு எங்க? இந்த ஆளை நாற்காலியில உக்கார வச்சா வழிஞ்சு கீழ ஓடிருவான்."

மதிப்பெண் மூன்று. எங்களிடம் ஆறுதான் உச்சம். இரண்டு என்றால் தோல்வி, ஆறு என்றால் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போகலாம். வருடம் முழுக்க அவளுக்கு மூன்று, மூன்று, சாம்பல் படிக்கட்டுக்கு மட்டும் ஒரு நான்கு. சராசரி நான்குக்குக் கீழே போனால் இடம் போய்விடும். மே மாதம் அலுவலகத்தில் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள்: கடைசி வேலையில் ஆறு வாங்கினால் இரண்டாம் ஆண்டு, ஐந்தே வாங்கினாலும் ஏப்ரன்.

கடைசி வேலையைக் கால்செவ் கரும்பலகையில் எழுதிப் போட்டார். ஒரு தாள், கறுப்பு மட்டும். ஒரு முகம், ஒரு சொல். பெயர் போடக் கூடாது. பத்துப் பிரதி எடுத்து, சொந்தத் தெருவை விட்டுத் தள்ளி வெளியில் ஒட்ட வேண்டும். நின்று பார்க்கிறவர்களை எண்ண வேண்டும்.

"தெருவுல போறவன் நிக்கணும்," என்றார். "அவ்வளவுதான் வடிவமைப்பு. மத்ததெல்லாம் அலங்காரம்."

நெவ்யானா தேர்ந்தெடுத்தது மின்கோவை. எங்கள் கட்டடத்தின் மேல்மாடிக்காரர், அவளுக்கு நேர் மேல் வீடு. டான்யூபில் இழுவைப் படகுகளுக்கு எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்து மூன்று. நரைமீசை எல்லாக் கிழவருக்கும் உண்டு. மின்கோவுக்கு இடது புருவம் மட்டும் எப்போதும் ஒரு விரற்கடை மேலே நிற்கும். யார் எதைச் சொன்னாலும் நம்பாத புருவம். கெளுத்தி மீன் தூண்டிலைக் கடிக்கும்போதுகூட, நிஜமாகத்தான் கடிக்கிறாயா என்று தூக்கிப் பார்க்கும்.

நாலு நாள் அவள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்தார்.

"மீசையக் கொஞ்சம் அடர்த்தியாப் போடு."

"இருக்கறதத்தான் போடுவேன் அண்ணே."

"இருக்கறது எனக்குத் தெரியாதா? அதனாலதான சொல்றேன்."

மாவு, மாவு என்ற குரல் காதில் ஓடிக்கொண்டே இருந்ததால் இந்த முறை அவள் தோலை விட்டுவிட்டாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்து எலும்பு எங்கே திரும்புகிறது என்று தடவினாள். "கல்யாணத்துக்கு அப்புறம் யாரும் இவ்வளவு தடவினதில்ல," என்றார் மின்கோ. அவள் ரொட்டித் துண்டாலேயே அவர் வாயை அடைத்தாள்.

சொல் தானாக வந்தது. மின்கோ எந்நேரமும் ஆற்றில் மீன் பிடிக்கப் போய்விடுவார். கதவைத் தட்டுகிறவர்களுக்குக் கீழ்வீட்டிலிருந்து இருபது வருடமாக அவள் சொல்லும் பதில் ஒன்றுதான். அதையே முகத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் எழுதினாள்: போய்விட்டார்.

ஓரமெல்லாம் கைக்கரி படிந்து அசிங்கமாக இருந்தது. அதை மறைக்க நாலு பக்கமும் தடியாக ஒரு கறுப்புக் கட்டம் இழுத்தாள். பத்துப் பிரதி எடுத்தாள். கல்லூரி வாசல், சந்தைக் கதவு, பேருந்து நிறுத்தம், தெருவோர மரங்கள் என்று, எங்கள் ஊரில் தாள் ஒட்டுகிற பசைக்காரன் கை எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் அவள் கையும் போயிற்று.

கறுப்புக் கட்டம். நடுவில் முகம். கீழே 'போய்விட்டார்'. எங்கள் ஊரில் யார் செத்தாலும் ஒட்டுகிற தாள் இப்படித்தான் இருக்கும். அதை ஒவ்வொரு கதவிலும் மரத்திலும் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள், தன் கையால் ஒன்று செய்துவிட்டுக் கொஞ்சமும் உறைக்காமல் எதிர்ச் சாரியில் எண்ணுவதற்கு நின்றாள் என்றால் நம்புவீர்களா? தினம் பார்ப்பதை யார் பார்க்கிறார்கள்!

பிள்ளைகளின் தாள்களை ஊர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மொட்டைத்தலைப் பெண் தலைகீழாக ஒட்டிய முகத்துக்கு முன் ஒரு நாய் நின்றது, அதுவும் வேறு காரியத்துக்கு. நெவ்யானாவின் தாள் முன்னால் வருகிறவர் எல்லாம் நின்றார்கள். தொப்பியைக் கழற்றினார்கள். ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். தலை சுற்றிப் போனது அவளுக்கு. தன் படத்துக்கு முன்னாலேயே சிலுவை போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்! மதியத்துக்குள் இருநூற்றுப் பதினேழு கோடு போட்டாள். எண்ணிய பென்சில் தேய்ந்து தேய்ந்து, கடைசிக் கோட்டை நகத்தால் கீறினதாக அவளே சொன்னாள், நான் கூட்டவில்லை.

நாலரை மணிக்குப் பறந்து வீட்டுக்கு வந்தால் படிக்கட்டு முழுக்க ஆட்கள். கையில் பூ. எல்லோரும் அவளைப் பார்த்துத் தலை குனிந்தார்கள். அதற்குள் சேதி பரவிவிட்டது, வாழ்த்த வந்திருக்கிறார்கள் என்று அவள் கண் கலங்கிவிட்டது.

"எதுக்கு இதெல்லாம்? நான் என்ன அப்படிப் பண்ணிட்டேன்..."

"நீ என்னடி பண்ணுவ? விதி," என்றாள் பேக்கரி முதலாளியம்மா. அவள் கையில் நான்கு கார்னேஷன்.

நெவ்யானா பூவைப் பார்த்தாள். நான்கு. பக்கத்துக் கையைப் பார்த்தாள். இரண்டு. என் கையைப் பார்த்தாள். நான் ஆறு வாங்கியிருந்தேன். மின்கோ என்றால் எனக்குக் கொஞ்சம் ஒசத்திதான். எங்கள் வழக்கத்தில் ஒற்றைப்படைப் பூ வாழ்த்துக்கு, இரட்டைப்படை சாவுக்கு. உயிரோடு இருக்கிறவர்களுக்கு யாராவது இரட்டைப்படையில் பூ கொடுப்பார்களா?

"யாரு?" என்றாள்.

"உங்க மேல்மாடி மின்கோதான். உனக்குத் தெரியாதா? ஊரெல்லாம் ஒட்டியிருக்கே!" என்றாள் முதலாளியம்மா.

"அது நான் ஒட்டினது," என்றபடி நெவ்யானா மூன்றாம் படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த இரைச்சலில் யார் காதிலும் அது ஏறவில்லை.

மின்கோ முந்தின நாளே ஆற்றுக்குப் போயிருந்தார். ஃபோனைக் கொண்டுபோக மாட்டார், மீனுக்குக் கேட்கும் என்பார். பூட்டின கதவுக்குள் அது விடாமல் அடித்துக்கொண்டிருந்ததும் சாவுக்குச் சாட்சியாகிவிட்டது. யாரோ சாவு வழக்கப்படி வேகவைத்த கோதுமையில் சர்க்கரை தூவிக் கொண்டுவந்தார்கள். யாரோ ராக்கியாச் சாராயத்தில் முதல் மடக்கைச் செத்தவருக்கென்று தரையில் ஊற்றினார்கள். சொக்கட்டான் சண்டையில் பத்தொன்பது வருடமாக மின்கோவோடு பேசாத எதிர்வீட்டு கெனாதி, சுவரைப் பார்த்து நின்று தோள் குலுங்க அழுதார்.

அந்த நேரம் பார்த்து மின்கோ, தோளில் ஆளுயரக் கெளுத்தியோடு கீழ்வாசலில் நுழைந்தார். மீனின் வால் தெருவைத் தாண்டவில்லை என்று சிலர் சொல்வார்கள். அது தாண்டியதை நான் பார்த்தேன். கூட்டத்தைக் கண்டதும் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக் கடைசிப் படியில் நின்றார்.

"யாருப்பா போனது?" என்று முன்னால் நின்ற கெனாதியின் காதில் கேட்டார்.

"மின்கோ," என்றார் கெனாதி, திரும்பாமலே.

"எந்த மின்கோ?"

"மேல்மாடி மின்கோ."

"அடப்பாவமே. நல்ல மனுஷன்."

"அவ்வளவு ஒண்ணும் நல்லவன் இல்ல," என்றார் கெனாதி மூக்கைச் சிந்தி. "அந்தக் கடைசி ஆட்டத்துல அவன்தான் காயை நகத்தினான்."

"நான் நகத்தலடா! உன் முழங்கை பட்டுச்சு!"

கெனாதி திரும்பினார். அடுத்த கணம் படிக்கட்டில் எழுந்த சத்தத்துக்கு டான்யூபின் மறுகரையில் ருமேனியாக்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். கோதுமையைத் தின்று முடித்தோம், மீனையும் தின்று முடித்தோம். இரண்டு பேரும் சொக்கட்டான் பலகையை எடுத்து அந்தப் பழைய ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். தனக்குக் கோபமே இல்லை என்றார் மின்கோ. "செத்தா எத்தனை பேரு வருவாங்கன்னு தெரிஞ்சுக்க எவனுக்குடி கெடைக்கும்?"

நெவ்யானாவுக்கு மட்டும் ஒரு வாய் இறங்கவில்லை. இரண்டு நாளில் தேர்வுக் குழு.

குழுவில் கால்செவ், இன்னும் ஒருவர், பிறகு தலைநகரிலிருந்து வந்த இலியேவா அம்மையார். சேதி தெரியாத ஆள் ஊரில் இல்லை. இலியேவா தாளை ஒரு விரலால் தள்ளினார்.

"இது ஏமாத்து வேலை. ஜனங்க நின்னது கட்டத்தைப் பாத்து. கறுப்புக் கட்டத்துக்குள்ள ஒரு உருளைக்கிழங்கை வரைஞ்சிருந்தாலும் நின்னிருப்பாங்க. இதுக்கு நான் மூணு போடுவேன்."

நெவ்யானாவின் கண்ணுக்கு முன்னால் ஏப்ரன் ஆடிற்று. மாவு பிசைந்த கையிரண்டையும் மேசைமேல் வைத்தாள்.

"கட்டத்தைப் பாத்துத்தான் நின்னாங்க மேடம். ஒத்துக்கறேன். ஆனா தாள்ல பேரு இல்ல. விலாசம் இல்ல. நான் ஒட்டினது எங்க தெருவுல இல்ல, தள்ளித் தள்ளி ஊரெல்லாம். இந்த ஊர்ல நரைமீசைக் கிழவர் ஆயிரம் பேரு இருக்காங்க. அறுபத்து நாலு பேரு பூ வாங்கிட்டு வந்தாங்க, அதுல ஒருத்தர்கூட வேற வீட்டுக்குப் போகலியே? கட்டமா அவங்களுக்கு வழி காட்டுச்சு?"

இலியேவா தாளைத் திரும்பக் கிட்டே இழுத்து, முதல்முறையாகக் கட்டத்துக்கு உள்ளே பார்த்தார். புருவம் அவரைப் பார்த்தது.

"அறுபத்து நாலு இல்ல," என்றார் கால்செவ். "அறுபத்தஞ்சு."

அவர் எழுந்து ஜன்னலோரம் போனார். அங்கே ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி நான்கு சிவப்புக் கார்னேஷன் வைத்திருந்தது. "மாணவனா இருந்தப்ப ரெண்டு கோடை காலம் கப்பல்துறையில படகுக்கு நம்பர் எழுதினேன். எஞ்சின் அறையில ஒரு ஆளு எனக்கு நெதம் பாதி ரொட்டி கொடுப்பாரு. நான் ஓவியன் ஆவேன்னு சொன்னப்போ ஒத்தைப் புருவத்தைத் தூக்கிக் காமிச்சாரு. முப்பத்தெட்டு வருஷம் அவரைப் பாக்கல. அன்னிக்குக் கல்லூரி வாசல்ல இந்தத் தாளைப் பாத்தேன், நான் கொடுத்த வேலைங்கறதே மறந்துபோச்சு. பூ வாங்கிட்டு, விசாரிச்சுக்கிட்டே உங்க கட்டடம் வரைக்கும் வந்துட்டேன். உள்ள சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு, ஒரு மீன் வேற ஜன்னல் வழியா எட்டிப் பாத்துச்சு. திரும்பிட்டேன்."

கால்செவ் மேசைக்குத் திரும்பி வந்தார்.

"இவர் வழிஞ்சு ஓட மாட்டாரும்மா," என்றார் தாளைக் காட்டி. "எலும்பு இருக்கு."

மதிப்பெண் தாளில் ஆறு போட்டார். அதற்குக் கீழே மற்றவர் ஆறு போட்டார். இலியேவா பேனாவைக் கொஞ்ச நேரம் உருட்டிவிட்டுத் தானும் ஆறு போட்டார், கோபம் தெரிகிற மாதிரி பெரிதாக.

வெளியே பிள்ளைகள் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். நீலத்தலைப் பையன் அப்புறம் இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று நாள் படுத்திருந்தான். சந்தை வரை அப்படியே போய், அவள் பேக்கரிக்குள் இறங்கி, ஆணியிலிருந்து ஏப்ரனை எடுத்தாள்.

முதலாளியம்மா முகம் விழுந்துவிட்டது. "அய்யோ, ஊத்திக்கிச்சா?"

"இல்லக்கா. அடுத்த வருஷம் எண்ணெய் வண்ணம். துணி அழுக்காகும்."

அவள் மறு கையில் கால்செவ் ஊறுகாய் பாட்டிலிலிருந்து எடுத்துக் கொடுத்த பூ இருந்தது. எங்கள் வழக்கம் போகுமா, நான் முதலில் எண்ணித்தான் பார்த்தேன். அந்த நான்கோடு, வழியில் அவளே புதிதாக வாங்கிச் சேர்த்தது ஒன்று. ஐந்து.