மாமா தேடிப்போன பிள்ளை

என் மாமனாரைப் பற்றி எழுதித் தரும்படி எங்கள் பங்குக் கோயிலில் ஒருமுறை கேட்டார்கள். பக்திமான், குடும்பஸ்தர், ஊருக்கு உழைத்தவர் என்று எழுதிக் கொடுத்தேன். அதில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் எழுதி முடித்தபோது எனக்குப் பெருமை வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. ஊருக்கு உழைக்கிற ஒருவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களுக்கு அது விளங்கும்.

மாத்தளை டவுனில் அவருக்குப் பேக்கரி. முன்னால் கடை, அதற்குப் பின்னால் பாண் சுடுகிற போறணை அடுப்பு, அதற்கும் பின்னால் வீடு. நான் மூத்த மகனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தவள். மாமா சமாதான நீதவான். ஆஸ்பத்திரிக் கமிட்டியில் இருந்தார், பள்ளிக்கூடச் சங்கத்தில் இருந்தார், கோயில் சபையிலும் இருந்தார். பிறப்புப் பதிவு இல்லாத தோட்டத்து ஆட்கள், அடையாள அட்டைக்குக் கையெழுத்து வேண்டியவர்கள், மகளுக்கு வரன் சரிவராதவர்கள் என்று எந்நேரமும் வாசலில் யாராவது இருப்பார்கள். யாரையும் நிற்க வைத்துப் பேசமாட்டார். "இருங்க, மொதல்ல தேத்தண்ணி குடிங்க" என்பார். சொல்வது அவர், ஊற்றுவது நான்.

குடும்பத்தையும் அவர் விட்டுவிடவில்லை. மாமிக்கு முழங்கால் வலி. வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும், சாயந்தரம் எண்ணெயைச் சுடவைத்துத் தன் கையாலேயே மாமியின் காலில் தேய்த்துவிட்டுத்தான் வெளியே வருவார். பிறகு செபமாலை. கடையில் வேலை செய்கிறவர்களும் வந்து பின்வரிசையில் உட்காருவார்கள்.

போறணையின் பொறுப்பு ஒரு சிங்களவர் கையில் இருந்தது. பல்லேகமப் பக்கத்தில் பிறந்து, டவுனுக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டவர். தொழில் தெரிந்தவர் என்பதால் பாஸ் என்று கூப்பிடுவோம். எங்களோடு இருந்து இருந்து தமிழும் பேசுவார். எண்பத்துமூன்றில், தமிழர்களுக்கு எதிரான கலவரத்தில், கடையின் முன்பக்கத்தை எரித்தபோது அவர் ஊரில் இல்லை. திரும்பி வந்து, சாம்பலை வாரிக் கொட்டி, போறணைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். "இது எரியல முதலாளி. விறகு இருந்தா நாளைக்கே பாண் போடலாம்" என்றார். கடை எரிந்த பிறகு மாமா முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான் என்று மாமி சொல்வார்.

பாஸுக்கு ஒரே மகன். மெலிந்த பையன், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கம்பஸில் படிக்க இடம் கிடைக்கக் காத்திருந்தான். எண்பதுகளின் கடைசி அது. சிங்கள இளைஞர்கள் அரசாங்கத்துக்கு எதிராகக் கிளம்பியிருந்த காலம். கடையைத் திறக்காதே என்று இரவோடு இரவாகச் சுவரில் ஒட்டிவிட்டுப் போவார்கள். விடிந்தால் ஆமிக்காரர்கள் வந்து திறக்காவிட்டால் பூட்டை உடைப்போம் என்பார்கள். மாமா வேலையாட்களை உள்ளே அனுப்பிவிட்டு, கதவைப் பாதி திறந்து, தான் மட்டும் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். அந்த நாட்களில் ஒரு காலையில், பஸ் ஹோல்ட்டில் நின்றுகொண்டிருந்த பாஸின் மகனை, நம்பர் இல்லாத ஒரு வாகனம் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பார்த்தவர்கள் அவ்வளவுதான் சொன்னார்கள். யார் ஏற்றினார்கள் என்று சொல்ல யாரும் தயாராக இல்லை.

பாஸ் வந்து போறணை வாசலில் நின்று சொன்னபோது, மாமா கையைத் துடைத்துக்கொண்டு வேன் சாவியை எடுத்தார்.

மாமி வாசலை மறித்தார். "நம்ம தமிழாளுங்க. இது அவங்களுக்குள்ள உள்ள சண்ட. எண்பத்துமூணுல பட்டது போதாதா?"

"எண்பத்துமூணுல நமக்காக யாராச்சும் அலைஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்ல" என்றார் மாமா. மாமி ஒதுங்கி நின்றார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. காலைப் பாண் போனதும் இருவரும் வேனில் கிளம்புவார்கள். நான் பாணும் சம்பலும் கட்டி, ஃபிளாஸ்கில் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பேன். பொலிஸ், ஆமி முகாம், ஆஸ்பத்திரி. கண்டியில் இப்படி ஒரு பையனைப் பார்த்தோம் என்று யாராவது சொன்னால் கண்டிக்கு. தம்புள்ளைப் பக்கம் ஒரு முகாமில் இருக்கிறான் என்றால் அங்கே. எல்லா இடத்திலும் இல்லை என்ற பதில்தான். மாமாவுக்கு அது ஒரு பதிலாகவே படாது. திரும்பும் வழியில் பாஸின் வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, பாஸின் மனைவியைக் கூப்பிட்டு, "இன்னிக்கி ஒருத்தர் நல்லபடியாப் பேசினார். புள்ள எங்கயோ பத்திரமா இருக்கான். வந்துருவான்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

இங்கே பேக்கரி படுத்துவிட்டது. பாஸின் கை படாத பாண் ஒருநாள் புளிக்கும், ஒருநாள் கல்லாகும். வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். என் கணவர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்.

"அப்பா, கடைகளுக்குப் பாண் குடுக்க வேன் வேணும்."

"பாணச் சைக்கிள்ல அனுப்பு. அந்த மனுசன் சைக்கிள்ல போய்த் தேட ஏலாது."

என் கணவரும் களைத்துப்போனார். விடியுமுன் எழுந்து மா பிசைந்து, பகலெல்லாம் கடையில் நின்று, சாயந்தரம் செபமாலையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். மாமா அந்தப் பையனுக்காக செபமாலையில் இன்னும் பத்து மணிகள் அதிகமாகச் சொல்லவைப்பார். நாங்கள் சொன்னோம். எனக்கு அந்தப் பையன்மேல் இரக்கம் இருந்தது. அதற்கு மேல் தூக்கமும் இருந்தது.

சில மாதங்கள் அப்படியே போயின. ஒருமுறை பொம்பிளை ஒருத்தி கூட வந்தால் வாசலில் நிற்பவர்கள் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார்கள் என்று என்னையும் அழைத்துப் போனார்கள். மாமா இறங்கி, வெள்ளைச் சட்டையைச் சரிசெய்துகொண்டு, முகாம் வாசலுக்கு நடந்தார். பாஸ் இறங்கவில்லை. முன்சீட்டில் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போகலையா பாஸ்?"

"இல்ல மகள். இல்ல இல்லன்னு கேட்டுக் கேட்டு எனக்கு ஏலாமப் போச்சு. இப்ப முதலாளிதான் போறாரு. நான் சும்மா கூட வாறேன்."

"அப்ப வீட்ல இருந்திருக்கலாமே?"

"அவரு தனியாப் போவாரே" என்றார்.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மாமா பாஸுக்காக அலைகிறார், பாஸ் மாமாவுக்காகக் கூட வருகிறார். இதை யாரிடம் சொல்லி யார் நிறுத்துவது?

நிறுத்தியது பாஸின் மனைவி. ஒரு பகல், மாமா இல்லாத நேரமாகப் பார்த்து, கொல்லைப்புறமாக வந்து குசினி வாசலில் நின்றாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். தேத்தண்ணீர் கொடுத்தேன். அதைத் தொடவில்லை. சிங்களம் மட்டும்தான் பேசுவாள்.

"முதலாளிய இனிமே எங்க வீட்டுக்கு வரவேணாம்னு சொல்லுங்க" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் ஏதும் தப்பாகப் பேசிவிட்டாரா என்று கேட்டேன்.

"அவரு நல்லவரு. அதுதான் கஷ்டம். வேற யாரு சொன்னாலும் நம்பமாட்டேன். அவரு சொல்லிட்டுப் போனா நம்பிர்றேன். சோறாக்கி மூடி வைக்கிறேன். கதவத் தாப்பாள் போடாமப் படுக்கிறேன். காலைல அந்தச் சோத்த நாய்க்குக் கொட்டுறேன். தினமும் இப்படி ஏலாது." தேத்தண்ணீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "ஹாமதுருமாரக் கூப்பிட்டு மகன் பேர்ல தானம் குடுக்கப் போறோம். புண்ணியமாவது அவனுக்குப் போய்ச் சேரட்டும். அத முதலாளிகிட்டச் சொல்ல எங்க வீட்டுக்காரருக்கு வாய் வரல."

பிக்குகளை வீட்டுக்கு அழைத்து, இறந்தவர் பெயரில் சாப்பாடு கொடுப்பது அந்தத் தானம். கொடுத்துவிட்டால் பிள்ளை இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

மாமியிடம் சொன்னேன். அன்று சாயந்தரம் மாமா எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது மாமியே பேச்சை எடுத்தார். மாமாவின் கை நின்றது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"உசிரோட இருக்கிற புள்ளைக்கு யாராவது தானம் குடுப்பாங்களா? விசுவாசம் வேணாமா? ஆண்டவர் கைவிடமாட்டாரு!"

"அத நீங்க சொல்லிக்கிட்டு இருக்கலாம்" என்றார் மாமி. "உங்க புள்ள கடையில பாண் விக்கிறான். அந்தப் பொம்பளையும் அப்பிடியே சொல்லணும்னு நீங்க புடிச்சித் தள்ள ஏலாது."

மாமா எழுந்து கையைக் கழுவிக்கொண்டு கடைப்பக்கம் போனார். அன்று செபமாலையை மாமி சொல்லிக் கொடுத்தார்.

மறுநாள் பாஸ் வந்தார். வேனில் ஏறவில்லை. போறணை முன்னால் மாமாவுக்கு எதிரே வந்து நின்றார். நானும் என் கணவரும் அங்கேதான் இருந்தோம்.

"முதலாளி, போதும்."

"இன்னும் ஒரு எடம் பாக்க இருக்கு பாஸ். நேத்துத்தான் ஒருத்தர் சொன்னாரு..."

"நீங்க தேடுங்க. வேணாம்னு சொல்லல. ஆனா எங்ககிட்டச் சொல்ல வேணாம். எனக்கும் அவளுக்கும் அழணும் முதலாளி. நீங்க அழ விடல."

மாமா பின்னால் கையால் தடவிப் பார்த்து, மா மூட்டைமேல் உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. நெடுநேரம் வெயிலில் நடந்தவரைப் போல இருந்தார். கடைசியில், "தானத்துக்குப் பாண் எவ்வளவு வேணும்?" என்று கேட்டார்.

"பாண் வேணாம். நீங்க வாங்க" என்றார் பாஸ். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மா பிசையப் போனார்.

நாங்கள் எல்லோரும் போனோம். பையனுடைய பள்ளிக்கூடப் படம் ஒன்றை மேசையில் வைத்திருந்தார்கள். ஹாமதுருமார் பிரித் ஓத, பாஸும் மனைவியும் ஒரு கூசாவிலிருந்து கோப்பைக்குள் தண்ணீர் ஊற்றினார்கள். புண்ணியம் இறந்தவருக்குப் போய்ச் சேர, கோப்பை நிறைந்து அடியில் உள்ள தட்டில் வழிய வழிய ஊற்றவேண்டும். சொந்தக்காரர்கள் அவர்களைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாய் ஓரத்தில் இருந்த மாமாவைப் பாஸ் திரும்பிப் பார்த்து, கையைப் பிடித்து இழுத்துக் கூசாவின்மேல் வைத்தார். தண்ணீர் தட்டுக்கு வெளியே சிந்தியது. அந்தப் பெண் அப்போதுதான் சத்தம்போட்டு அழத் தொடங்கினாள். யாரும் அவளைத் தேற்றவில்லை.

அதன்பிறகு மாமா பாஸின் மகனைத் தேடிப்போகவில்லை. வாசலுக்கு ஆட்கள் வருவது நிற்கவில்லை. மலையகத்துப் பிள்ளைகளைப் புலிகள் என்ற சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போகிற காலமும் பின்னால் வந்தது. அவர்களுக்காகவும் போனார், நின்றார், கையெழுத்து வைத்தார். ஆனால் "வந்துருவான், ஒண்ணும் யோசிக்காதீங்க" என்று அந்தத் தாய்மாரிடம் அவர் சொல்லி நான் கேட்கவில்லை. "போய்ப் பாக்கிறேன்" என்று மட்டும் சொல்வார். முதலாளி முன்னே மாதிரி இல்லை, முகம் கொடுத்துப் பேசுகிறதில்லை என்று சிலர் குறைப்பட்டார்கள். எனக்கு அவரோடு இருப்பது அதன்பிறகுதான் கொஞ்சம் லேசாக இருந்தது.

வடக்கில் சண்டை முடியுமுன்பே மாமா போய்விட்டார். பூசைக்குப் போய் வந்து, சட்டை மாற்றாமல் கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை. பாஸ் அப்போது கண் மங்கி வேலையை விட்டிருந்தார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, அடக்கம் முடியும்வரை எங்கள் ஆட்களோடு ஆளாக நின்றார். சனம் நிறைய. எல்லோரும் கலைந்த பிறகு நான் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மாமி கட்டிலில் இருந்தபடியே கூப்பிட்டார்.

"அத விடு. போய்ப் படு. காலைல பாத்துக்கலாம்."

போய்ப் படுத்தேன்.