ஆறாவது கண்ணாடி

கடைக்குப் போய் முகத்தைக் காட்டிக் கண்ணாடி வாங்க எனக்குக் கூச்சம். ஒரு தடவை அம்பாசமுத்திரத்தில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். சுற்றிலும் நிலைக்கண்ணாடி. விற்கிற பெண் ஒவ்வொரு பிரேமாக என் காதில் மாட்டி, "இதப் பாருங்க சார்" என்றாள். காத்திருந்த நான்கு பேரும் சேர்ந்து பார்த்தார்கள். எதுவும் பிடிக்கவில்லை என்று பொய் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்று மனைவியையும் கூப்பிட்டிருந்தேன். "அப்பள மாவு இடிச்சாச்சு, காஞ்சு போவும். நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். என்னைத் தனியாக அனுப்பியது அதுதான் முதல் தடவை. எனக்கு அது உறைக்கவில்லை.

கல்யாணமான நாள் முதல் வெளியில் எனக்காகப் பேசுகிறவள் அவள்தான். ரேஷன் கடையில், மகளின் பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனால் கண்டக்டரிடம், எல்லாம் அவள் குரல்தான். நான் உரக்கடைக் கிட்டங்கியில் மூட்டை எண்ணுகிறவன். மூட்டைகளிடம் பேச வேண்டியதில்லை. அவள் கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டிலிருந்தபடியே அப்பளம் தேய்த்துக் கொடுக்கிறாள்.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள்தான் வழி சொன்னாள். "வீட்டுக்கே அஞ்சு பிரேம் அனுப்புவாங்கப்பா. போட்டுப் பாத்துட்டு எது வேணும்னு சொன்னா போதும், பவர் போட்டு அனுப்பிருவாங்க. வெலையும் கம்மி. அம்மா பாத்துச் சொல்லுவா."

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியைத் திறந்தேன். ஐந்து பிரேம்கள், ஐந்து பள்ளங்களில். மனைவி ஜன்னலடியில் பலகையை வைத்து அப்பளம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பீரோ கண்ணாடி உள் அறையில் இருந்தது. அங்கே ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து அவள் முன்னால் நிற்பேன். அவள் நிமிர்ந்து பார்த்துச் சொல்லுவாள்.

"இது வாத்தியாரு மாதிரி இருக்கு. ஒங்களுக்குத் தோதுப்படாது."

அடுத்ததற்கு, "வயசு கூடிப் போச்சு."

மூன்றாவதற்கு, "பொண்ணு பாக்கவா கெளம்புதீய?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடையில் நெளிந்தவன் வீட்டில் உள்ளுக்கும் வெளிக்கும் நடை போட்டேன். ஐந்தையும் போட்டுக் காட்டிவிட்டு, கடைசியையும் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். எதை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்க வெளியே வந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் நிமிர்ந்தாள்.

"இதான். இது ஒங்களுக்கு எடுப்பா இருக்கு. இதையே வச்சுக்கிடுங்க."

சிரித்துவிட்டேன். "ஏட்டி, வெளாடுதியா?"

"வெளாட்டு என்ன? நெசமாத்தான் சொல்லுதேன். மத்ததெல்லாம் ஒங்க கண்ண மறைக்கி."

கை தானாக மூக்குக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. அவள் குனிந்து வேலையைத் தொடர்ந்தாள். அப்பளம் வட்டமாகத்தான் வந்தது. தேய்த்து முடித்ததும் அவள் ஆள்காட்டி விரல் அதன் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அடுத்ததிலும் சுற்றியது. எத்தனை நாளாகவோ என் கண் முன்னால் சுற்றிக்கொண்டிருந்த விரலை அன்றுதான் பார்த்தேன்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இப்ப நான் என்ன போட்டிருக்கேன், சொல்லு."

அப்பளம் தேய்க்கிற கட்டை நின்றது. "கருப்புதான?" என்றாள்.

அவள் விரலை எடுத்து என் வெறும் மூக்கின் மேல் வைத்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. கட்டையைப் பைய ஓரமாக வைத்தாள்.

"எவ்வளவு நாளா?"

"போன வருசம் ஆடிக்கு முந்தியே. மொதல்ல ஓரத்துல பொகை மாதிரி இருந்துச்சு. பெறவு நடுவுலயும் வந்துட்டு."

முட்டுவலி என்று சொல்லி ஆற்றுக்குக் குளிக்கப் போவதை விட்டிருந்தாள். வாசலில் கோலம் வரவரச் சின்னதாகியிருந்தது. எல்லாவற்றுக்கும் அவள் ஒரு காரணம் சொன்னாள். எல்லாவற்றையும் நான் நம்பினேன்.

"என்ட்ட ஏன் சொல்லல?"

கையிலிருந்த மாவைத் தட்டினாள். "சொன்னா ஆஸ்பத்திரிக்குப் போவணும். சீட்டு போடணும், டாக்டர்ட்ட வெவரம் கேக்கணும், அங்கன இங்கன அலையணும். நீங்க யார்ட்ட போய் வாயத் தொறப்பீய? மக வரட்டும், பாத்துக்கிடலாம்னு இருந்தேன்."

குறையாகச் சொல்லவில்லை. எனக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

மறுநாள் காலை ரயிலில் திருநெல்வேலி போனோம். ஸ்டேஷன் படிகளில் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கண் டாக்டர் வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுவிட்டது என்றார். போன பார்வை வராது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற ஆயுசுக்கும் சொட்டு மருந்து விட வேண்டும் என்றார். "ஒரு வருசம் முன்னாடி வந்திருந்தா..." என்று தொடங்கி, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கேட்க வேண்டியது எவ்வளவோ என் நெஞ்சில் இருந்தது. அங்கேயும் அவள்தான் கேட்டாள். அடுப்பு பக்கத்தில் வேலை செய்யலாமா, அப்பளம் தேய்க்கலாமா என்று.

மருந்து வாங்கும் ஜன்னலில் சீட்டை நீட்டினேன். உள்ளே இருந்தவர் ஏதோ கேட்டார். நான் பதில் சொன்னேன். "சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி, கேக்கல" என்றார். பின்னால் வரிசை. சீட்டைத் திரும்பவும் நீட்டினேன். தூரத்தில் பெஞ்சில் உட்காரவைத்திருந்தேன் அவளை. நான் எங்கே நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் பேச்சு வந்த திசையைப் பார்த்து, "சொட்டு மருந்து, ரெண்டு கண்ணுக்கும்" என்று உரக்கச் சொன்னாள்.

சேதி கேட்டு மகள் போனில் அழுதாள். இரண்டு நாள் கழித்து, பெட்டியைத் திருப்பி எடுக்க ஆள் வரும், எந்த பிரேம் என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் மருந்து பாட்டிலில் எழுத்து பொடிசு. எனக்குக் கண்ணாடி வேண்டும். கருப்பு என்று சொன்னேன். மனைவி வாயில் வந்த நிறம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

இப்போது காலையும் சாயங்காலமும் அவளைக் கட்டிலில் சாய்த்து நான்தான் மருந்து விடுகிறேன். சில நாள் சொட்டு தவறிக் கன்னத்தில் விழும்.

"கண்ணாடி போட்டிருக்கீயளா?" என்று கேட்பாள்.

"போட்டிருக்கேன்."

"எது?"

"கருப்பு."

"அன்னைக்கே நான் சரியாத்தான சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, என் முகத்துக்குச் சற்று இடது பக்கமாகப் பார்த்துச் சிரிப்பாள்.