நைஸ் என்ற சொல்லும் டீச்சரின் மாவிளக்கும்

எங்கள் மாவு மில்லின் தகரப் பலகையில் ‘இங்கு நைஸாக அரைத்துத் தரப்படும்’ என்று அப்பா காலத்தில் எழுதியிருந்தது. போன வாரம் அதைப் புதுசாக எழுத வந்த பெயிண்டர், “அண்ணாச்சி, நைஸ்னு இங்கிலீஷ் எதுக்கு? மென்மையாகன்னு போட்டுருவமா?” என்றார். அந்த வார்த்தையில் மட்டும் கை வைக்காதீங்க என்றேன். காரணம், எங்கள் தெருவில் குடியிருந்த இங்கிலீஷ் டீச்சர்.

நான் எட்டாவதோடு நின்றவன். நைஸ் என்றால் எனக்கு விரலிடுக்கில் பவுடராக வழுக்கும் மாவு, அவ்வளவுதான். டீச்சர் ஒவ்வொரு தடவையும் ஒரு சிட்டிகை எடுத்துத் திருகிப் பார்த்து, “உங்க நைஸ் இன்னும் நைஸாகலையே” என்று கேலி செய்வார்கள்.

இருப்பது ஒரே மிஷின். அதனால் விடிந்ததும் சாமிக்கான அரிசி முதலில், மிளகாய் மல்லியெல்லாம் அதற்குப் பிறகு என்று அப்பா வைத்த வழக்கம். ஒரு சீசனில் அதை நான் மீறினேன். சாரல் விழுந்து குற்றாலத்தில் கூட்டம் நெரிந்த சமயம். அங்கே ஓட்டல் வைத்திருப்பவர் காலையிலேயே மிளகாய் வற்றல் மூட்டையோடு வந்து கெஞ்ச, அரைத்துக் கொடுத்துவிட்டேன். பிறகு ஒரு பிடி அரிசியை ஓட்டி, மிஷின் சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து வந்தது டீச்சர், ஊறவைத்து உலர்த்திய பச்சரிசியோடு. மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்த மகன் பிழைத்து வீடு வந்திருந்தான். அதற்காகப் பண்பொழி திருமலைக்குமாரசாமிக்கு மாவிளக்கு நேர்ந்திருந்தார்கள். மாவை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள்.

அவர்கள் போனபின் மிஷின் வாயைத் துடைத்தேன். அதே கையால் கண்ணைத் துடைத்தேன். தீயாக எரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“பாவி மனுசா, முருகனுக்கா மிளகாப்பொடி?” என்றாள் வீட்டுக்காரி. மிஷினைக் கழற்றிக் கல்லையும் சல்லடையையும் கழுவித் துடைத்து, புட்டுக்கு அவள் ஊறப்போட்டிருந்த அரிசியை வடித்து அரைத்து, மொபெட்டில் பறந்தேன்.

நல்லவேளை, முட்டுவலியால் டீச்சர் மலைக்கோயிலின் பாதிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். புது மாவை நீட்டி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றேன். அவர்கள் பழைய மாவிருந்த தூக்குச்சட்டியைத் திறந்து மோந்து பார்த்து, அடுக்காக மூணு தும்மல் போட்டார்கள். அப்புறம் சிரித்தார்கள்.

“நைஸா இருந்துக்கிட வேண்டியதுதானே அண்ணாச்சி? எனக்குத் தெரியவா போகுது?”

“சாமிக்குத் தெரியுமே டீச்சர்.”

அங்கேதான் அந்த வார்த்தையின் கதையைச் சொன்னார்கள். லத்தீனில் பிறந்தபோது அதற்கு ஒண்ணும் தெரியாதவன் என்று அர்த்தமாம். பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தபோது முட்டாள். பிறகு எதையும் நொட்டை பார்க்கிறவன், பிறகு நுணுக்கமானது, கடைசியில்தான் நல்லது. “அந்த வார்த்தை நல்லதா மாறப் பல நூறு வருசம் ஆச்சு. நீங்க ஒரே காலையில அம்புட்டையும் தாண்டிட்டிய” என்றார்கள்.

சந்நிதியில் விளக்கேற்றும்வரை நானும் நின்றேன். அந்தச் சுடரைப் பார்த்தபின்தான் என் கண் எரிச்சல் அடங்கியதாக இன்றைக்கும் நம்புகிறேன்.

டீச்சர் இப்போது மகனோடு மதுரையில் சுகமாக இருக்கிறார்கள். பலகையில் நைஸ் அப்படியே இருக்கிறது. அதன் கீழே ஒரு வரி மட்டும் சேர்க்கச் சொன்னேன்: ‘காலை ஒன்பது மணி வரை மிளகாய் அரைக்கப்படாது.’ பெயிண்ட் காயுமுன்னே, மறுநாள் விடிந்ததும் ஒருவர் வற்றல் மூட்டையோடு வந்து நின்றார். பலகையைக் காட்டினேன்.