சாப்பாடு போடும் குழியா, பங்கு தரும் குழியா: பெல்மதுளையில் ஒரு சனிக்கிழமை

என் தம்பி குமார் ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. இந்தப் பயணம் அதற்காகத்தான். ஊர் சுற்றிப் பார்க்கப் போனவள் இல்லை நான். ஆனாலும் மாணிக்கக் குழி பார்க்க இரத்தினபுரிப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, இதில் பயன்படுகிற விஷயம் கொஞ்சம் இருக்கிறது.

குமார் பெல்மதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை செய்தவன். கைத்தோலெல்லாம் வெடித்துப் போய், இனி முடியாது என்று தோட்டத்துப் பதிவில் பேரை வெட்டிக்கொண்டு வந்துவிட்டான். இரண்டு மாணிக்கக் குழிகளிலிருந்து அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்றில் மூன்று வேளைச் சாப்பாடும் தங்க இடமும் உண்டு, கல் விற்கிற பணத்தில் பங்கு குறைவு. இன்னொன்றில் பங்கு அதிகம், மற்றபடி ஒரு பிளேன்டீகூடக் கிடையாது. வீட்டில் இப்போது வருகிற பணம் அவன் மனைவி கலா கொழுந்து பறிக்கிற சம்பளம் மட்டும்தான். மகள் பத்தாம் வகுப்பு. தப்பான குழியைப் பிடித்தால் முதலில் நிற்கப்போவது அவளுடைய டியூஷன்.

"அக்கா, நீங்கதான் கசினோவுல இருந்தவங்க. வந்து பாத்துச் சொல்லுங்க" என்றான்.

ஆமாம், கொழும்பில் ஒரு கசினோவில் ஆறு வருடம் இருந்தேன். வீடியோ போக்கர் மெஷின்கள் இருந்த தளம் என் பொறுப்பு. அதைச் சொன்னால் சிலர் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். அங்கே நான் கற்ற ஒரே பாடத்தை இங்கே சொல்லியே ஆகவேண்டும். மேல்மாடியில் தோல் நாற்காலி, ஏசி, பிரியாணி, வீட்டுக்கே வந்து ஏற்றிப்போகிற வேன். அங்கிருந்த மெஷின்களில் ஃபுல் ஹவுஸ் என்கிற சீட்டுச் சேர்க்கை விழுந்தால் ஒன்றுக்கு ஆறு, ஃப்ளஷ் விழுந்தால் ஐந்து. கீழே மாடிப்படி ஓரத்தில் இரண்டு பழைய மெஷின்கள் கிடந்தன. அதே சீட்டு, அதே ஆட்டம். ஆனால் ஃபுல் ஹவுஸுக்கு ஒன்பது, ஃப்ளஷுக்கு ஆறு. தவறில்லாமல் ஆடுகிறவருக்கு மேலே நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் போகும், கீழே அரை ரூபாய்கூடப் போகாது. நூறு ரூபாய் வைத்து மணிக்கு ஐந்நூறு ஆட்டம் ஆடினால் மேலே இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் காலி, கீழே இருநூற்றைம்பதுக்குள். அந்தப் பிரியாணியின் விலை அதுதான். எந்தச் சேர்க்கைக்கு எவ்வளவு என்ற அட்டவணை மெஷினின் கண்ணாடியிலேயே எழுதியிருக்கும். ஆறு வருடத்தில் அதை நின்று படித்தவர்களை என் இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

அதனால் குமார் போனில் சொன்ன அன்றே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. நல்ல அட்டவணை எங்கேயோ அங்கே உட்கார், சோற்றைப் பார்த்து ஏமாறாதே. இருந்தாலும் நேரில் பார்த்துச் சொன்னால்தானே மரியாதை?

சனிக்கிழமை காலை 5.40க்குப் புறக்கோட்டையில் பதுளை பஸ் ஏறினேன். பெல்மதுளை சுமார் 120 கிலோமீட்டர். சாதாரண பஸ்ஸில் நான் கொடுத்தது 480 ரூபாய். ஏசி பஸ் அதைப்போல் இரு மடங்கு, நேரமும் பெரிதாக மிச்சமில்லை. அவிசாவளையில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். இரத்தினபுரி வரும்போது 8.50, பெல்மதுளைச் சந்தி 9.35. வலது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள். மழை அடித்தால் ஷட்டர் மூடாது, அனுபவம்.

சந்தியில் நிஸாம் நானாவின் ஆட்டோவைப் பிடித்தேன்; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்பார்கள். இரண்டு குழிக்கும் போய்விட்டுத் தோட்டத்தில் விட 2,500 கேட்டார், 2,200க்கு ஒத்துக்கொண்டார். குமார் முன்னாலேயே வந்து நின்றான். நான் கல் வாங்க வந்தவள் என்று நானா நினைத்துக்கொண்டார்.

"கல்லு வேணுமெண்டா ரோட்டுல நிக்கிறவனுகள்ட வாங்க வாணாம். கண்ணாடியச் சீவிக் கையில தருவானுகள்."

"கல் வாங்க வரல நானா. தம்பிக்குக் குழி பாக்க வந்தேன்."

"அந்த மொதலாளிட குழியா? போங்க, போங்க. சாப்பாடு சோக்கா ஈக்கி" என்று சிரித்தார். பார்த்தீர்களா, சாப்பாடு ஜோராக இருக்கும் என்கிறார், அவரும் பங்கைப் பற்றிப் பேசவில்லை.

முதல் குழி சந்தியிலிருந்து நான்கு கிலோமீட்டர். பிரதான சாலையை விட்டு இறங்கி, ஓடை ஓரமாக நூறு அடி நடக்க வேண்டும். குழி கண்ணில் படுகிறதா என்று எட்டிப் பார்க்கும் முன்பே ஒருவர் கையை உயர்த்தினார்.

"நோனா, எபா! எதன இன்ன."

வேண்டாம் அம்மா, அங்கேயே நில்லுங்கள் என்கிறார். குழிப் பக்கம் பெண்கள் போனால் கல் ஒளிந்துகொள்ளும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். கல்லுக்கு அவ்வளவு வெட்கமா என்று கேட்க நாக்கு துடித்தது, தம்பிக்காக விழுங்கிக்கொண்டேன். எனக்குக் காட்டப்பட்டது சாப்பாட்டுக் கொட்டகை மட்டும்தான். புதுத் தகரக் கூரை, இரண்டு மின்விசிறி, வரிசையாகப் பாய், ஒரு டிவி. சமையல்காரர் எனக்கும் ஒரு தட்டு போட்டார். சிவப்புச் சோறு, பருப்பு, கருவாடு, தேங்காய்ச் சம்பல். உண்மையைச் சொல்கிறேன், என் வீட்டில்கூட அப்படி ஒரு சம்பல் அரைத்ததில்லை.

சாப்பிட்டுக்கொண்டே பங்கு அட்டவணையைக் கேட்டேன். இங்கே கண்ணாடியில் எழுதியிருக்காது, வாயால் கேட்க வேண்டும். நூறு ரூபாய்க்குக் கல் விற்றால் நிலத்துக்காரருக்கு இருபது, லைசன்ஸுக்குப் பத்து, தண்ணீர் இறைக்கிற பம்புக்குப் பத்து. மீதி அறுபதில் முதலாளிக்கு நாற்பது, இறங்குகிற எட்டுப் பேருக்கு இருபது. ஆளுக்கு இரண்டரை ரூபாய்.

"மொதலாளிக்கு எதுக்கு நாப்பது?" என்றேன்.

"சோறு போடுறாருல்ல அக்கா" என்றான் குமார். "சோத்துக்குப் பங்கு இருக்கு. பம்புக்குப் பங்கு இருக்கிற மாதிரி."

இரண்டாவது குழி இன்னும் ஆறு கிலோமீட்டர் தள்ளி, ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால். இங்கேயும் ஐம்பது அடி தூரத்தில் நிறுத்திவிட்டார்கள். கொட்டகை கிடையாது. நான்கு கம்பில் ஒரு பொலித்தீன் விரிப்பு. பக்கத்து ரப்பர் மரக் கிளையில், எறும்பு ஏறாமல் கயிற்றில் கட்டி, ஆறு சோற்றுப் பார்சல்கள் தொங்கின. ஒன்று பச்சைப் பையில், ஒன்று பழைய துணியில். அழகாக இருக்கிறதே என்று படம்கூட எடுத்தேன். குமார் சேர்ந்தால் வெளியேறுகிற ஒருவருடைய இடம் அவனுக்கு. குழுவின் தலைவர் சோமே ஐயா மேலே வந்து சிங்களமும் தமிழுமாகப் பேசினார். நிலம், லைசன்ஸ், பம்பு எல்லாம் அதே கணக்கு. மீதி அறுபதும் ஆறு பேருக்கு. ஆளுக்குப் பத்து ரூபாய்.

இரண்டரைக்கும் பத்துக்கும் இடையில் என்ன யோசனை? வரும் வழியெல்லாம் குமாருக்குக் கசினோப் பாடம் நடத்தினேன். இதுதான் கீழ்மாடி மெஷின், சம்பலைப் பார்த்து மயங்காதே, நாலு மடங்குடா என்றேன். நிஸாம் நானாகூட, "ஓ, அதுவும் சரிதான்" என்று தலையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தோட்டத்து லயத்தில் குமாரின் வீட்டுக்கு வரும்போது மணி 3.15. கலா கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு 4.30க்கு வந்தாள். முகம் கழுவி, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். நான் கணக்கை முதலிலிருந்து சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அந்தக் குழியில இவருக்குச் சோறு யாரு அண்ணி கட்டுறது?"

"வீட்டுலருந்து கொண்டு போவான்."

"வீட்டுலன்னா?"

அவள் தேத்தண்ணியைக் கீழே வைத்தாள்.

"காலையில நாலு மணிக்கு எந்திரிக்கணும். ரெண்டு வேள பார்சல், பஸ்ஸுக்கு ஒரு நாளைக்கு எரநூத்தி நாப்பது ரூவா. எல்லாம் எஞ் சம்பளத்துல. ஆறு மாசம் கல்லு வரலேன்னா?"

"வரும்" என்றான் குமார்.

"வரலேன்னா?"

எனக்குக் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. கீழ்மாடி மெஷினில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் வீட்டில் சோறு தின்றுவிட்டு வந்தவர்கள்தான். அந்தச் சோற்றை யாரோ ஆக்கினார்கள், யாரோ சம்பாதித்தார்கள். என் கணக்கில் அதற்கு நான் போட்டது பூஜ்யம். ஆறு பார்சலை என் கண்ணால் பார்த்து, படமும் எடுத்துக்கொண்டு வந்தவள் நான். ஒரு பெண்ணாக இருந்துகொண்டு இதைத் தவறவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

"அப்ப மொதலாளி குழிக்கே போறேன். ரெண்டரையாவது வரும்" என்றான் குமார்.

"நான் அப்பிடிச் சொல்லல" என்றாள் கலா. "சோறு போடுறதுக்காக மொதலாளி நாப்பது எடுக்குறாரு, எட்டுப் பேருக்கு. ஒரு ஆளுச் சோத்துக்கு அஞ்சு. இங்க சோறு போடுறது நான். எனக்கும் அஞ்சு எழுதுங்க."

குமார் சிரித்துவிட்டான். "ஏய், எம் பங்கு ஒம் பங்குதானே?"

"மொதலாளியும் அப்பிடியே சொல்லிட்டுப் போயிருக்கலாமே. ஏன் தனியா வாங்குறாரு?"

கணக்கு சரிதான் என்றேன் நான். மணி 4.50.

குமார் சோமே ஐயாவுக்குப் போன் போட்டான், ஸ்பீக்கரில். பத்தில் ஐந்து தன் மனைவி பேரில், கல் விற்ற அன்றே அவள் கையில், குழுவுக்கு முன்னால் சொல்லி வைக்க வேண்டும் என்றான். சோமே ஐயா வாய்விட்டுச் சிரித்தார். "குமார், மேக்க மொக்கத? கெதர பிரஷ்னயக்த?" இதென்ன, வீட்டுப் பிரச்சினையா என்கிறார். அவர் சிரித்து முடிக்கும் முன் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. அவர் மனைவி. போனைப் பிடுங்கியே விட்டார் போலிருக்கிறது.

"ஹரி நங்கி, ஹரி! மடத் ஏக ஓனே!"

சரி தங்கச்சி, எனக்கும் அது வேண்டும்! கலாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. ஐந்து மணிக்குக் குமார் முதலாளிக்குப் போன் செய்து, வரவில்லை என்று மரியாதையாகச் சொன்னான். திங்கட்கிழமை நல்ல நேரம் பார்த்து இரண்டாவது குழியில் இறங்கினான். ஆறு வீட்டிலும் பாதிப் பங்கு பெண்கள் பேரில் என்று குழு ஒத்துக்கொண்டதாம். சோமே ஐயா வீட்டில் வேறு வழி இருந்திருக்காது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளில் போகாதீர்கள், குழிகளில் வேலை இருக்காது. தெரிந்தவர் இல்லாமல் குழிப் பக்கம் போகவே வேண்டாம். பெண்களைத் தூரத்தில்தான் நிறுத்துவார்கள். சண்டை போட்டுப் பயனில்லை, எனக்கும் அந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை. ஞாயிறு திரும்பும்போது சந்தியில் பகல் ஒரு மணிக்குப் பிறகு பஸ்ஸில் இடம் கிடைப்பது கஷ்டம், காலையிலேயே கிளம்பிவிடுங்கள். நீங்கள் கசினோவுக்குப் போகிறவராக இருந்தால் கண்ணாடியில் உள்ள அட்டவணையைப் படியுங்கள். படித்த பிறகு, நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்கும்போது வீட்டில் அடுப்பு யாருடைய காசில் எரிகிறது என்பதையும் அதற்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நல்ல மெஷினும் மெதுவாகத் தோற்கடிக்கிற மெஷின்தான்.

இதை எழுதும்போது இரண்டரை மாதம் ஆகிவிட்டது. டியூஷன் நிற்கவில்லை, ஆனால் இறுக்கமாகத்தான் போகிறது. நேற்றுக் கலாவுக்குப் போன் போட்டேன். காலையில் தேங்காய் துருவுவது இப்போது குமார்தானாம், பங்காளிக்கு உதவி செய்யாமல் முடியுமா என்கிறானாம். கல் ஏதாவது வந்ததா என்று கேட்டேன்.

"இன்னும் ஒண்ணும் கெடைக்கல அண்ணி" என்றாள். "அதுல பாதி என்னுது."